சொந்த ஊருக்கே அழைப்பு வைத்தோம்

மதுரையிலிருந்து மேற்கே, வைகையை விட்டு விலகாமல் வந்தால் எங்கள் ஊர். பேரை எழுதவில்லை. எழுதினால் எந்தத் தெருவைச் சொன்னேன், யார் வீட்டைச் சொன்னேன் என்று ஊரில் ஆளாளுக்குக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு நான் டீக்கடையில் நிம்மதியாக உட்கார முடியாது. ஆனால் ஒருமுறை வந்து பார்த்தவர்களுக்குப் பேர் சொல்லாமலே தெரியும். ஆற்றுக்குள் அகலமாக இறங்குகிற கல் படித்துறை உள்ள ஊர். அதன் ஓரக் கல்லில் ஒரு மீன் செதுக்கியிருக்கும். எந்த ராஜா காலத்து மீனோ, குளிக்க வந்தவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அதன் முதுகு எண்ணெய் தடவியது மாதிரி வழவழத்துக் கிடக்கும். படித்துறைக்கு மேலே பழைய மண்டபம். மண்டபத்துக்குப் பின்னால் மாடியில் மரக் கிராதி வைத்த கடைத்தெரு. அதையும் தாண்டினால் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும். கொடிக்காலில் தண்ணீர் பாயும் நேரம் அந்தப் பக்கம் நடந்தால் வெயில் இருப்பதே மறந்துபோகும்.

அந்த ஊரை மறுபடியும் ஊராக்கியவன் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. என் வீட்டுக்காரி படித்தால் 'நான்' என்பதை அடித்துவிட்டு 'நாங்க' என்று போடச் சொல்வாள். போடுகிறேன். ஆனால் ஆரம்பித்தது நான்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் கதிர் அறுத்தவர்கள். எங்களுக்கென்று ஒரு சாண் நிலம் இல்லை. நான் சாந்துச் சட்டி தூக்கினேன், பிறகு கொத்தனாராகிக் கரண்டி பிடித்தேன், பிறகு தளம் போட முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் தகடு வாங்கி வாடகைக்கு விட்டேன், பிறகு சொந்தமாக வீடு கட்டிக் கொடுக்கிற கான்ட்ராக்டர் ஆனேன். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து தல்லாகுளம் வரைக்கும் போய்ப் பாருங்கள். எந்த மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் ஒரு சொட்டுக்கூடத் தேங்காமல் வழிந்து ஓடுகிறதோ, அது நான் போட்ட தளம் என்று எடுத்துக்கொள்ளலாம். விரிசல் விட்டது என்று ஒருவரும் என் வாசலுக்கு வந்ததில்லை.

என் வீட்டுக்காரி பேரையூர்ப் பக்கம் பிறந்தவள். அங்கே கிணற்றை எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு தட்டு அளவுக்கு வானம் தெரியும். அதுதான் தண்ணீர். கல்யாணம் ஆன மறுநாள் அவளை ஆற்றைக் காட்டக் கூட்டிப்போனேன். அந்த வருடம் ஆற்றில் நல்ல வெள்ளம். படித்துறையில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு, நாம் எல்லோரும் தூங்கும்போதும் இது இப்படியே ஓடுமா என்று கேட்டாள். ஓடும் என்றேன், நானே திறந்துவிட்டது மாதிரி.

அப்படி வந்தவள், பிள்ளைகள் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்து, முழங்கால் தேய்ந்த பிறகு, ஒரு ஐப்பசி மாதம் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள்.

"நான் தல்லாகுளத்துக்குப் போறேன். மக வீட்டுல இருந்துக்கிறேன். நீங்க ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வாங்க."

கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். பூண்டுத் தோலை ஊதித் தள்ளிக்கொண்டே சொன்னாள். ஏன் என்று கேட்டேன். ஜன்னலைக் காட்டினாள். எதிர்வீடு பூட்டியிருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் திருப்பூரில். பக்கத்து வீடு, அதற்கும் பக்கத்து வீடு, எல்லாம் அப்படியே. பூட்டாத வீடுகளிலும் கதவைச் சாத்திக்கொண்டு வயதானவர்கள் தனித்தனியாக இருந்தார்கள். கடைத்தெருவில் பாதிக் கடைகள் திறப்பதே இல்லை. படித்துறையைச் சீமைக் கருவேலம் மூடிவிட்டது. நானோ காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு சைட்டுக்குப் போனால் இருட்டித்தான் வருவேன்.

"இந்த ஊருல எனக்கு யாரு இருக்கா? டிவியில வர்றவளுகதான் என்கூடப் பேசுறாளுக. அவளுகளும் நாஞ் சொல்றதக் கேக்க மாட்டேங்கிறாளுக."

தை மாதம் முடிந்ததும் கார் எடுத்துக்கொண்டு வருவதாக மகள் சொல்லியிருக்கிறாள் என்றாள். எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் என்னிடம் சொல்கிறாள்.

போகாதே என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. அந்த மாதிரிச் சொற்களை நான் புழங்கியதில்லை. வந்ததெல்லாம் ஒன்றுதான்: "இந்த ஊர மாத்திக் காட்டுறேன் பாரு."

"யாருக்கு?" என்றாள்.

"ஊருக்குத்தான்."

அவள் பூண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் மறுநாளே பேரூராட்சியில் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கினேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை இந்தப் பக்கத்தில் வேறு எவனும் செய்திருக்க மாட்டான். கருவேலத்தை வேரோடு பிடுங்கினேன். படித்துறையில் மூடியிருந்த வண்டலை, கல்லில் கீறல் விழாமல் இருக்க, இயந்திரத்தை இறக்காமல் மண்வெட்டியால் வாரச் சொன்னேன். சரிந்த படிகளை எடுத்து அதே இடத்தில் அதே கல்லையே உட்காரவைத்தேன். சிமெண்டு ஒரு சட்டிகூடப் போடவில்லை. பழையதைக் கெடுக்கக் கூடாது என்பது எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைத்தெருவில் கட்டடத்துக்குச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரையும் போனில் பிடித்து, கேட்டு, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். மண்டபத்துக்கு அந்தப் பக்கம், கண்ணில் படாத இடத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நல்ல கழிப்பறை கட்டினேன். வெளியூர்ப் பெண்கள் ஒரு ஊரைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பது அங்கேதான் முடிவாகிறது. மார்கழி முடிவதற்குள் எங்கள் ஆற்றங்கரை குளித்துத் தலை சீவிப் பொட்டு வைத்த மாதிரி ஆகிவிட்டது.

ஊர் ஜனங்கள் வந்து நின்று பார்த்தார்கள். யாரும் குறுக்கே வரவில்லை. கை கொடுக்கவும் யாரும் வரவில்லை. என் வீட்டுக்காரி ஒருநாள் வந்து பார்த்தாள். கல்லில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றாள். வீட்டுக்குப் போனதும் அலமாரியிலிருந்து சேலைகளை எடுத்து, எதைக் கொண்டுபோவது, எதை விட்டுப்போவது என்று பிரிக்க ஆரம்பித்தாள்.

தை பிறந்தது. அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள், ஆறு நிறைய ஓடியது. தை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, மதுரைக்காரர்கள் எல்லோரும் எங்கள் ஊரைப் பார்க்க வரட்டும் என்று பிளெக்ஸ் அடித்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒன்று, நாகமலை புதுக்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகள் பஸ் ஏறும் இடத்தில் ஒன்று, தல்லாகுளத்தில் ஒன்று. என் படம் பெரிதாக, ஆற்றின் படம் அதற்குக் கீழே. அழைப்பவன் யார் என்று தெரிய வேண்டாமா? எல்லாவற்றுக்கும் அடியில் 'அனைவரும் வருக'. ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் அதையே போட்டுவிட்டேன். ஊர்ப் பெண்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று சாப்பாட்டுக்கு மதுரையிலிருந்து சமையல்காரர்களை வரச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நான் நினைத்ததற்கு மேலேயே வந்தார்கள். பைக்கிலும் காரிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கி, தண்ணீரில் கால் நனைத்து, மீன் முதுகில் உட்கார்ந்து படம் பிடித்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நான் அங்கும் இங்கும் நடந்தேன். அப்போதுதான் கவனித்தேன். கடைத்தெருவிலும் பெரிய தெருவிலும் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. கொடிக்காலில் ஆள் இல்லை. ஊர்க்காரன் என்று ஒரு தலை தெரியவில்லை.

தல்லாகுளத்திலிருந்து வந்த ஒரு இளம் தம்பதி என்னிடம் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்:

"ஐயா, இது சினிமாவுக்குப் போட்ட செட்டா? இங்க ஆளுங்க யாரும் குடியிருக்கலையா?"

நான் கட்டிய வீடுகளில் ஒன்றைப் பற்றியாவது யாராவது அப்படிக் கேட்டிருக்கலாம். பொறுத்துக்கொண்டிருப்பேன்.

அன்று ஊரில் திறந்திருந்த ஒரே வீடு எங்களுடையது. தாகத்துக்குக் கேட்டு வந்தவர்களுக்கு அவள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். யார், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று எல்லோரிடமும் விசாரித்திருக்கிறாள். சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது சொம்பைக் கவிழ்த்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வந்தவுகல்லாம் நல்ல சனங்க," என்றாள். "ஆனா எல்லாரும் போயிட்டாக."

மறுநாள் டீக்கடைக்குப் போனேன். டீ ஆற்றுகிறவன் எனக்குத் தம்பி முறை ஆக வேண்டும். நான் சொல்வது எதற்கும் மறுத்துப் பேசாதவன். ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்துவிட்டதா என்று கேட்டேன். அவன் டீயை என் முன்னால் வைத்துவிட்டு, கல்லாவைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

"நீங்க யாரண்ணே கூப்பிட்டீக?"

"பஸ் ஸ்டாண்டுல அம்புட்டுப் பெருசாப் போட்டிருக்கே, அனைவரும் வருகன்னு."

"அது பஸ்ஸுல போறவனுக்கண்ணே. இங்கன குடியிருக்கவனுக்கு எப்படிப் பொருந்தும்? போதாததுக்கு வாட்சப்புல வேற அனுப்பிவிட்டீக. எங்க வீட்டுல அதப் பாத்துட்டு, உங்க அண்ணன் நமக்கு மெசேஜ் தட்டிவிடுற அளவுக்குப் பெரியாளாயிட்டாகன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா. சோறும் வெளியூருச் சோறு. ஊர்க்காரனுக்கு அங்க என்னண்ணே வேல?"

எனக்குத் தெரியாத விஷயமா இது? காதுகுத்து என்றால், புதுமனை புகுவது என்றால், எங்கள் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பூ வைத்து எடுத்துக்கொண்டு, படியேறிப் போய்க் கூப்பிட வேண்டும். ஆண் மட்டும் போய்க் கூப்பிட்டால் அது தகவல், அழைப்பு ஆகாது. அப்படிக் கூப்பிடாவிட்டால் ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் கூடப் பிறந்த அண்ணன் இருந்தாலும், சாம்பார் வாசனையை முகர்ந்துகொண்டு வீட்டிலேயே பழைய சோற்றைத் தின்பானே தவிர வர மாட்டான். இந்த மண்ணில் பிறந்த நான் இதை விட்டது, ஊருக்குள் நடப்பதற்கு ஊர்க்காரனை அழைப்பானேன் என்ற நினைப்பில்.

இன்னொன்றும் உண்டு. பெரிய தெருவில் என் அப்பா நடக்கும்போது தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார். செருப்பு கையில் இருக்கும். நான் அந்தத் தெருவில் காரில் போய் வருகிறேன். அங்கே வேலை செய்து கொடுத்திருக்கிறேன், பேசியிருக்கிறேன். ஆனால் என் வீட்டு விசேஷத்துக்கு வாருங்கள் என்று தாம்பாளத்தோடு எந்த வாசலிலும் ஏறியதில்லை. பிளெக்ஸ் வசதியானது. யார் வாசலிலும் நிற்காமல் எல்லோரையும் வருக என்று சொல்லிவிடலாம்.

வீட்டுக்கு வந்து, தாம்பாளம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். எதற்கு என்றாள். பிளெக்ஸில் தேதியை மாற்றி ஒட்டி அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வைக்கிறேன், அதற்கு ஊரைக் கூப்பிடப் போகிறேன் என்றேன்.

"தனியாவா போகப் போறீக?"

"நீ வந்தா நல்லாருக்கும்."

அவள் போய், மடித்துவைத்த சேலைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் வந்து கூப்பிட்டா, அன்னைக்கு நான் வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்லணும். கூப்பிட்டவ இல்லைன்னா வந்தவுக என்ன நெனப்பாக? மக சனிக்கெழம வர்றேன்னு சொல்லியிருக்கா."

இதுதான் நான் பேச வேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. தளம் போட்ட அன்று அதன்மேல் நடக்கக் கூடாது, அது இறுக விட வேண்டும். நான் தொழில்காரன்.

சற்று நேரம் கழித்து மகளுக்கு அவளே போன் போட்டாள். சனிக்கிழமை வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வா என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்த ஒரு நாளுதான். அம்புட்டுத்தான்" என்றாள். பரணில் ஏறித் தாம்பாளத்தை எடுத்துக் கொடுத்தேன். புளி போட்டுத் தேய்த்தாள்.

கொடிக்கால் வெற்றிலை எங்கள் ஊரில் கேட்கவா வேண்டும். தளிர் வெற்றிலையாகப் பார்த்து வாங்கிவந்தேன். திங்கள் தொட்டு வெயில் தாழ்ந்ததும் இருவரும் கிளம்புவோம். அவள் கையில் தாம்பாளம், என் கையில் அவளுக்காக ஒரு ஊன்றுகோல். கோலைத் தொடவே மாட்டாள். நான்தான் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

எங்கள் தெருவில் ஆரம்பித்து, காலனித் தெரு, கடைத்தெரு என்று போனோம். முதல் நாள் நாலு வீட்டுக்கு மேல் ஆகவில்லை, பிறகு காலையிலும் சேர்த்துக் கிளம்பினோம். போன இடமெல்லாம் உட்காரச் சொன்னார்கள், காபியோ கலர் சோடாவோ கொடுத்தார்கள். பூட்டியிருக்கிறது என்று நாங்கள் நினைத்த வீடுகளில்கூடப் பின்கட்டில் ஆள் இருந்தார்கள். எல்லோரும் இவளிடம் கேட்ட ஒரே கேள்வி, ஊரை விட்டுப் போகிறீர்களாமே என்பது. முதல் நாள் கேட்டவர்களிடம், ஆமாம், ஞாயிற்றுக்கிழமையோடு சரி என்றாள். இரண்டாம் நாள் கேட்டவர்களிடம், முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கத்தான் என்றாள். மூன்றாம் நாள் கேட்டவர்களிடம், பார்ப்போம் என்றாள். நான் எதையும் காதில் வாங்காத மாதிரி ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைத்தெருவில் புருஷனை இழந்த ஒரு அம்மா தனியாக இருந்தார். தாம்பாளத்தைக் கண்டதும் கதவோடு ஒட்டி நின்றுகொண்டார். இந்தத் தட்டுக்கு முன்னால் நான் வரலாமா, வெளியே வைத்துவிட்டுப் போங்கள் என்றார். என் வீட்டுக்காரி தட்டை என் கையில் கொடுத்தாள். வெற்றிலையையும் பூவையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், அந்த அம்மாவின் இரண்டு கையையும் விரித்துப் பிடித்து, அதில் வைத்து மூடினாள்.

"மதினி, நீங்க வந்தாத்தான் எனக்கு நெறைவு. வெறுங்கையோட வர வேணாம். நீங்க சுடுற பணியாரத்த ஒரு சட்டி கொண்டுவாங்க. மதுரைக்காரன் தின்னு பாக்கட்டும்."

அந்த அம்மா பணியாரம் சுடுவார் என்பது எனக்குத் தெரியாது. இவளுக்கு எப்படித் தெரியும் என்று வரும் வழியில் கேட்டேன். எதிர்வீட்டில் ஆள் இருந்த காலத்தில் தீபாவளிக்குத் தீபாவளி அவர்களுக்கு இவர் பணியாரம் வரும், அதில் நமக்கும் ஒரு பங்கு கொடுப்பார்கள் என்றாள்.

கடைசியாகப் பெரிய தெரு. தென்னந்தோப்புக்காரர் வீடு. என் அப்பா காலமெல்லாம் அவர்கள் வயலில்தான் வேலை செய்தார். தோப்புக்காரருக்கு என் வயதுதான். சின்னதில் ஆற்றில் ஒன்றாகக் குளித்திருக்கிறோம். கரை ஏறிய பிறகு அவர் வேறு, நான் வேறு. அந்த வாசல்படிக்குக் கீழே வந்ததும் என் கால் நின்றுவிட்டது. கார் வாங்கிய கால், தளம் தளமாக ஏறி இறங்கிய கால். நான் நின்றதை அவள் பார்த்தாள்.

"கூப்பிடத்தான வந்தோம். கடன் கேட்கவா வந்தோம்? வாங்க" என்று சொல்லிவிட்டு, தேய்ந்த முழங்காலோடு அவள் முதலில் ஏறினாள்.

தோப்புக்காரர் முன்கட்டில் வெற்று மேலோடு, தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். நாங்கள் இருவரும் தட்டோடு நின்றோம். போய்விடலாமா என்று கண்ணால் கேட்டேன். அவள் அசையவில்லை.

அவர் திரும்பி வந்தார். சட்டை போட்டிருந்தார், பொத்தான் எல்லாம் போட்டு. கூடவே அவர் வீட்டுக்காரம்மாவும் வந்தார். தோப்புக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கினார்.

"வாய்யா. உள்ள வாத்தா," என்றார். "இந்தப் படி ஏற ஒனக்கு இம்புட்டு வருசமா?"

எப்போதும் பேச்சுக்குப் பஞ்சமில்லாதவன், அன்று அந்த வீட்டுக் காபியைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெண்கள் இருவரும்தான் பேசினார்கள். அந்த அம்மா, ஊரை விட்டுப் போவதாகக் கேள்விப்பட்டோமே என்று ஆரம்பித்தார்.

"யாரு சொன்னது?" என்றாள் என் வீட்டுக்காரி.

ஞாயிற்றுக்கிழமை அவள் பட்டுச்சேலை கட்டி, மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். ஒரு நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. கூப்பிட்டவள் உட்காரலாமா என்றாள். ஊர் வந்தது. எங்கள் தெரு வந்தது, பெரிய தெரு வந்தது, காலனித் தெரு வந்தது. இத்தனை பேர் இந்த ஊரில் இருந்தார்களா என்று எனக்கே ஆச்சரியம். டீக்கடைத் தம்பி கடையைப் பூட்டிவிட்டுப் பெண்டாட்டியோடு வந்தான். அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்து, "இப்பத்தான் மாமா ஒங்களுக்கு எங்க வீட்டு வழி தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே சந்தனம் எடுத்தாள். கடைத்தெருக் கதவுகள் திறந்தன. பழைய சுருட்டுக்கடைக்காரர் மாடிக் கிராதியில் வந்து நின்றுகொண்டு, கீழே போகிற வெளியூர்க்காரர்களிடம் கேட்காமலே கதை சொன்னார். பணியாரச் சட்டிக்கு முன்னால் வரிசை நின்றது. அந்த அம்மா ஊற்ற ஊற்ற ஆகவில்லை. தோப்புக்காரர் இளநீர்க் குலைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, அவரே அரிவாளைப் பிடித்து வெட்டிக் கொடுத்தார். கொடிக்காலுக்குள் மதுரைக்காரர்களைக் கூட்டிப்போய்க் காட்ட ஆள் மேல் ஆள் போட்டி.

போன வாரம் வந்த அதே தம்பதி மறுபடியும் வந்திருந்தார்கள். அந்தப் பெண் என்னைத் தேடிவரவில்லை. அவளைச் சுற்றி நாலு பெண்கள், அவளுடைய ஊர் எது, கல்யாணமாகி எத்தனை வருடம், ஏன் இப்படி இளைத்திருக்கிறாய் என்று பிடித்துக்கொண்டார்கள். தப்பித்து வர வெகுநேரம் ஆகியிருக்கும்.

சாயங்காலம் மகள் கார் எடுத்துக்கொண்டு வந்தாள். காரை ஊருக்குள் கொண்டுவர முடியாமல் வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். அம்மா எங்கே என்று கேட்டாள். காட்டினேன். அவள் புறப்படுகிறவர்களுக்கு ஒவ்வொருவராக வெற்றிலை கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். வாங்கியவர்கள் சும்மா போகவில்லை. மாசியில் பேத்திக்குக் காதுகுத்து, நீங்கள் முன்னால் நிற்க வேண்டும் என்றார் ஒருவர். பங்குனியில் வீடு பால் காய்ச்சுகிறோம், முறையாக வந்து கூப்பிடுகிறோம், இப்போதே சொல்லிவைக்கிறோம் என்றார் இன்னொருவர். தோப்புக்காரர் வீட்டம்மா, செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போக ஒரு துணை வேண்டும் என்றார். எங்கள் பக்கத்து வழக்கம் இது. நீ கூப்பிட்டு அவர்கள் வந்துவிட்டால், அவர்கள் கூப்பிடும்போது நீ போயாக வேண்டும். உடம்பு சரியில்லை என்றால்தான் விலக்கு. ஊரில் இல்லை என்பதெல்லாம் செல்லாது.

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். வக்கீலுக்குப் படித்தவள், புரியாமல் போகுமா.

"அம்மா, அப்ப எப்ப வர்ற?"

"மாசி கழியட்டும்த்தா. காதுகுத்துக்கு வர்றேன்னு ஒத்துக்கிட்டேன்."

"மாசி கழிஞ்சா பங்குனியில பால்காய்ச்சு."

"அதுக்கும் சேத்துத்தான் ஒத்துக்கிட்டேன்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஆற்றைப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டாள். காரில் அம்மா உட்கார வேண்டிய இடத்தில் இளநீரும் ஒரு கவுளி வெற்றிலையும் ஒரு தூக்குவாளிப் பணியாரமும் ஏற்றி அனுப்பினோம்.

இப்போது தையிலும் கார்த்திகையிலும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். கடைத்தெருவில் பூட்டிக்கிடந்த கடைகளில் பல திறந்துவிட்டன. பணியாரத்துக்கு நேரத்தோடு வர வேண்டும். திருப்பூருக்குப் போன எதிர்வீட்டுப் பிள்ளைகளில் ஒருத்தன் திரும்பிவந்து இட்லிக்கடை போட்டிருக்கிறான். எங்கே பார்த்தாலும் உங்களை நிறுத்திப் பேசுவார்கள். அவசரம் உள்ளவர்கள் வர வேண்டாம். இவ்வளவையும் ஒரு மூன்றாம் வகுப்புக்காரன் செய்தான் என்று நீங்கள் நாலு பேரிடம் சொன்னால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கார் போன பிறகு, இருவரும் வீட்டுக்கு வந்தோம். அவள் காலை நீட்டி உட்கார்ந்தாள். நான் தைலத்தை எடுத்து அவள் முழங்காலில் தேய்த்தேன். மடித்துவைத்திருந்த சேலைகள் அந்தப் பக்கம் கிடந்தன. அதை எடுத்து அலமாரியில் வைக்கட்டுமா என்று கேட்கலாம் என்று நினைத்தேன். அவள் வேறெதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு மொத வேலையா நாலு நாற்காலி வாங்கிட்டு வாங்க. காதுகுத்துக்குக் கூப்பிட வர்றவுகள எங்க உக்காரவைக்கிறது? இந்த வீட்டுல உருப்படியா இருக்கது ரெண்டுதான்."

ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தவன் நான். மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்று ஒரு டஜன் வாங்கிவந்தேன்.